பொன்னரசிக்கு வேட்டு மரியாதை

கருங்கல்பாடி சமஸ்தானத்தில் மகா புத்திசாலி யார் என்று யாரைக் கேட்டாலும் கூத்தபிரான் என்று என்னைத்தான் கைகாட்டுவார்கள். என் மனைவி அம்மணியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஒரு ராத்திரி அவர் குறட்டையைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்பாள்.

எங்கள் அரசர் மாறவேளுக்கு வேட்டு மரியாதை என்றால் உயிர். எழுந்தால் வேட்டு, குளித்தால் வேட்டு, இலையில் கை வைத்தால் வேட்டு. ஒருமுறை தும்மினார். வேட்டுப்படைத் தலைவர் வல்லபராயர் அதற்கும் ஒன்று போட்டார்.

வேட்டுக் குழாய்களை நட்டிருந்தது ஊர்ப்பக்கத்து வாசலில், பட்டத்து யானையின் கொட்டிலை ஒட்டி. அரசரோ பல மதில்களுக்கு அப்பால். அவர் காதுக்குத் தென்னந்தோப்பில் நெற்று விழுகிற மாதிரிதான் கேட்கும். சத்தமும் கந்தகப் புகையும் முழுசாக எங்களுக்கு. கைக்குழந்தைகள் தூக்கத்தில் தூக்கிவாரிப்போட்டு அழுதன. பெரியவர்களுக்கு இழுப்பு. மாடுகள் பால் சுரக்க மறந்தன. கொட்டிலின் பின்சுவரை ஒட்டி என் வீடு. நானும் இருமினேன். ஆனால் நான் உத்தியோகம் பார்க்கும் அரசர் சபையில் இருமல் வந்தால் வெற்றிலை புரையேறியது என்பேன். சம்பளம் வாங்குகிறவன் இருமலுக்கும் ஒரு காரணம் வைத்திருக்க வேண்டுமே!

அப்போதுதான் பட்டத்து யானை பொன்னரசி தீனியை நிறுத்தியது. கண்ணில் நீர் வடியும். மூச்சு இரையும். கிட்டே போனால் துதிக்கையை வீசும்.

"பாகன் மாசாணத்தின் கவனக்குறைவு, அரசே" என்றார் வல்லபராயர். "சாப்பிடாத வாய்க்கு ஊட்டுகிறவனே பொறுப்பு."

"சரியான நியாயம்!" என்றார் அரசர். "தேர்த் திருவிழாவுக்குள் யானை சாப்பிடாவிட்டால் பாகனைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்."

மாசாணம் நேரே என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சாமி, வேட்டு வெடிக்கும்போதெல்லாம் வாயில வச்ச கவளத்தைத் துப்பிடுதுங்க. பொகையில மூச்சு முட்டுது. ராசாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நானா?" என்றேன். வேட்டு வேண்டாம் என்று சொன்ன பழைய மந்திரி இப்போது எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கோ ஆட்டைக் கண்டால் பயம்.

உள்ளேயிருந்து அம்மணி குரல் கொடுத்தாள். "அந்த வாயில்லா ஜீவன் சோத்தை விட்டுட்டு நிக்குது. அதுக்கு இருக்கிற ரோஷம்கூட உங்களுக்கு இல்லையா?"

சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை. நான் ஒரு வேளையும் விட்டதில்லை.

மறுநாள் சபையில் எழுந்தேன். 

"அரசே, பொன்னரசிக்கு மனக்குறை. பட்டத்து அரசர் சாப்பிட்டால் வேட்டு. பட்டத்து யானை சாப்பிட்டால் ஒன்றுமே இல்லையே?"

வல்லபராயர் முகம் மலர்ந்தது. "அருமை! யானை வாய் வைக்கும்போதெல்லாம் ஒரு வேட்டு!" அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"முறையும் பார்க்க வேண்டும்" என்றேன். "அரசருக்கான வேட்டு யானை வாசலில் வெடிக்கிறது. அப்படியானால் யானைக்கான வேட்டு அரசர் வாசலில்தானே வெடிக்க வேண்டும்? குழாய்களை எல்லாம் தங்கள் சாளரத்துக்குக் கீழே மாற்றிவிடலாம். அரசரின் மரியாதை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்."

"என் யானைக்காக இதுகூடச் செய்யமாட்டேனா!" என்றார் அரசர்.

விடிந்தது. கொட்டில் பக்கம் சத்தமே இல்லை. புகையும் கலைந்தது. பொன்னரசி காதை ஆட்டிப் பார்த்தது. மெல்ல ஒரு தென்னோலையை எடுத்து வாயில் வைத்தது. மாசாணம் அழுதுகொண்டே மதில்மேல் ஏறிச் சிவப்புத் துணியை ஆட்டினான். அரசரின் சாளரத்துக்குக் கீழே 'டமார்!'

யானை நம்மைப் போல இலை போட்டு ஒருமுறை உட்கார்ந்து எழுகிற பிராணி இல்லை. நாள் முழுக்கத் தின்னும். அந்த விஷயத்தில் எனக்கும் அதற்கும் நல்ல பொருத்தம். அன்றைக்கோ பட்டினி கிடந்த பசி வேறு. கரும்புக்கு ஒரு டமார். வாழைக்கு ஒரு டமார். வெல்லம் கலந்த சோற்றுருண்டைக்கு ஒரு டமார்.

உச்சிவேளையில் அரசர் என்னை அழைத்தார். காதில் பஞ்சு. கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. மூச்சு இரைந்தது. இலையில் சோறு அப்படியே இருந்தது. கிட்டே போன பணியாளர்மேல் சொம்பு பறந்தது.

"நிறுத்தச் சொல்லும், கூத்தபிரானே!"

"உடனே நிறுத்தலாம், அரசே!" என்று நானும் கத்தினேன். "அதற்குமுன் ஒரு சின்ன வழக்கு. தாங்கள் சாப்பிடவில்லை. சாப்பிடாத வாய்க்கு ஊட்டுகிறவனே பொறுப்பு என்று தீர்ப்பு இருக்கிறது. சமையற்காரரை எந்த எல்லை வழியாக நாடு கடத்துவது?"

"அவன் என்ன செய்வான் பாவம்? இந்தச் சத்தத்திலும் புகையிலும் யாருக்குச் சோறு இறங்கும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். வெளியே இன்னொரு டமார். அரசரின் கை அந்தரத்தில் நின்றது.

"பொன்னரசியும் இதைத்தான்..." என்று இழுத்தார்.

"ஆமாம், அரசே. அதற்குச் சொம்பு எறியத் தெரியாது. அவ்வளவுதான்."

அரசர் சிரித்தார். சிரிப்பில் இருமினார். இருமிக்கொண்டே ஆணையிட்டார். "பாகனுக்குப் பட்டுத் தலைப்பாகை! வேட்டுப்படை ஊருக்கு வெளியே மொட்டைக் கரட்டுக் குன்றுக்குப் போகட்டும். இனிமேல் யானையின் தூக்கத்தையும் தீனியையும் கெடுக்கிற சத்தம் போடுபவர் யாராயிருந்தாலும் இடம் அங்கேதான்!"

எனக்கு ஒரு சால்வை கிடைத்தது. தெருத் தெருவாகப் போர்த்திக்கொண்டு நடந்தேன்.

சில நாள் கழித்து மாசாணம் வந்தான். தலைப்பாகைக்குள் விரலை விட்டுச் சொறிந்தான்.

"சாமி, பொன்னரசி நல்லாத் திங்குது. ஆனா ராத்திரி தூங்க மாட்டேங்குதுங்க."

"ஏன்? வேட்டுதான் நின்றுவிட்டதே?"

"அது நின்னதாலதான் சாமி... காதடைப்பு விட்டுப்போச்சு. பின்சுவர்ப் பக்கத்துக் குறட்டை இப்பத்தான் அதுக்குக் கேக்குது."

திரும்பிப் பார்த்தேன். அம்மணி அதற்குள் என் பாயைச் சுருட்டி வாசலில் வைத்திருந்தாள்.

இப்போது நான் படுப்பது மொட்டைக் கரட்டில். பக்கத்துப் பாயில் வல்லபராயர். அவர் கண்ணும் சிவந்திருக்கிறது. சோறும் இறங்கவில்லையாம். "கூத்தபிரானே, வேட்டு எவ்வளவோ தேவலாம்" என்கிறார்.