பெருச்சாளி கொடுத்த வாக்கு

ஏரிக்கரையை ஒட்டிய காட்டில் கொழுவன் என்ற பெருச்சாளி மனைவி, குட்டிகளோடு வாழ்ந்தது. கரையின் உச்சியில் அது தோண்டிய வளை நிறையக் காய்ந்த சாமை இருந்தது.

சுற்றியிருந்த எலிகளுக்கு ஒரு பயம். மழைத் தண்ணீர் வளைக்குள் புகுந்தால் சேர்த்த தானியமெல்லாம் நனைந்து கெட்டுவிடும். கொழுவன் அந்தப் பயத்தைக் கவனித்தது.

"மாதம் ஒரு பிடி தானியம் எனக்குக் கொடுங்கள். உங்கள் தானியம் நனைந்துபோனால் என்னிடம் கொண்டுவாருங்கள். அதை வாங்கிக்கொண்டு அதே அளவு காய்ந்த தானியம் தருகிறேன்" என்றது.

எலிகள் ஒப்புக்கொண்டன. மாதந்தோறும் தானியம் வந்து சேர்ந்தது. எப்போதாவது ஒரு வளை நனையும். கொழுவன் கொஞ்சம் கொடுத்தனுப்பும். அது ஒரு செலவாகவே தெரியவில்லை. ஆசை வளர்ந்தது. அக்கரை எலிகளுக்கும் அதே வாக்கைக் கொடுத்தது.

அதே காட்டில் வரியாள் என்ற அணிலும் இருந்தது. சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பொந்தில் வைத்துக்கொண்டு, மிஞ்சிய தானியத்தை ஒரு முயலிடம் கொடுத்தது. பதிலுக்கு அந்த முயலுக்குச் சொந்தமான, பாறை மேட்டில் நின்ற இளம் நாவல் மரத்தை வாங்கிக்கொண்டது.

"காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், தங்கச்சி? எனக்குப் பார், உட்கார்ந்த இடத்தில் வரும்படி" என்றது கொழுவன்.

"மெதுவாக வளரட்டும் அண்ணே. ஆனால் எல்லா எலிகளும் ஒன்றாக வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?"

"எல்லா வளையும் ஒரே நேரத்திலா நனையும்?" என்று கொழுவன் சிரித்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஏரி நிரம்பி, தண்ணீர் காட்டுக்குள் புகுந்தது. முதலில் ஓர் எலி நனைந்த தானியத்தோடு வந்தது. கொழுவன் அளந்து கொடுத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தது. கரை நெடுக எலிகளின் ஈர முதுகுகள்.

"வாசலை அடைத்துவிடுங்கள். நம் குட்டிகளுக்கு என்ன மிஞ்சும்?" என்று மனைவி அழுதது.

கொழுவன் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்தது. இருட்டில் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. வெளியே நகங்கள் பிராண்டும் சத்தம் கேட்டது.

"திறவுங்கள் அண்ணே. பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். நல்ல காலத்தில் எங்களிடம் வாங்கினீர்களே."

பிராண்டல் நிற்கவில்லை. மண் உதிர்ந்து வெளிச்சம் தெரிந்தது. கொழுவன் கொடுத்தது, தரையைச் சுரண்டியும் கொடுத்தது. அப்படியும் பாதி எலிகளுக்குக் கிடைக்கவில்லை. அவை மழையில் நின்று கொழுவனையே பார்த்தன. வளைக்குள் பிறருடைய அழுகிய தானியம்தான் மலையாகக் கிடந்தது. அதைத் தின்ற குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டன.

பாறை மேட்டிலும் பயம்தான். காற்றில் நாவல் மரத்தின் பெரிய கிளை முறிந்து விழுந்தது. ஓர் இலைகூட மிஞ்சவில்லை.

"மரம் செத்துவிட்டது. அரைப் பிடி தானியம் தருகிறேன், என்னிடமே விட்டுவிட்டுப் போ" என்றது முயல்.

பயத்தில் கொடுத்துவிடலாமா என்றுகூட வரியாள் நினைத்தது. பிறகு கீழே இறங்கி அடிமரத்தைத் தோண்டிப் பார்த்தது. வேர் பாறையிடுக்கை இறுகப் பிடித்திருந்தது. பொந்திலோ சாப்பாடு இருந்தது. விற்றே தீரவேண்டிய கட்டாயமில்லை. "மரம் என்னிடமே இருக்கட்டும்" என்று சொன்னது.

வெள்ளம் வடிந்தது. மரம் துளிர்த்தது. அடுத்த ஆடியில் கிளை கிளையாகப் பழுத்தது.

கொழுவனின் குட்டிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் வளை காலி. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி அது காலம் தள்ளியது. வரியாள் இரக்கப்பட்டு, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னது. வானம் கொஞ்சம் இருட்டினாலும் போதும், கொழுவன் பழத்தைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

சின்ன வரும்படிக்காகப் பிறருடைய பெரிய நஷ்டங்களைத் தன் தலையில் ஏற்றிக்கொள்பவன் ஒரே மழையில் எல்லாவற்றையும் இழப்பான். வளரும் பொருளைத் தன்னால் தாங்கக்கூடிய அளவுக்கு வாங்கி, பயந்தாலும் கைவிடாமல் காத்திருப்பவனே நிலைப்பான்.