குளக்கரைப் புல்லுக்கு விழுந்த இழவு

நரிப்பள்ளத்துக் குளக்கரையில் இருந்த வெட்டிவேர்ப் புல் செத்துப்போய்விட்டது என்று சிங்காரம் மயில் அறிவித்தது. அதே நேரத்தில் சொக்கி கவுதாரி அந்தப் புல்லுக்குள்தான் ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

சித்திரை வெயில். புல் முழுக்க வைக்கோல் நிறம். வருஷா வருஷம் அப்படித்தான் ஆகும். மழை விழுந்தால் அடியிலிருந்து துளிர்த்து, மான் மறையும் உயரத்துக்கு வளரும். ஆனால் சிங்காரம் இந்த வருஷம் நகரத்துப் பங்களாத் தோட்டம் ஒன்றில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தது. வரும்போதே பெரியநாயகி யானையின் முதுகில் பச்சைப் புல்தரை ஒன்றைப் பாய் மாதிரி சுருட்டி ஏற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பங்களாவுல இந்தப் புல்லை யாரும் மிதிக்கக் கூடாது! யாரும் தின்னக் கூடாது!" என்றது சிங்காரம்.

"அப்புறம் எதுக்கு அது?" என்று கேட்டது முத்துக்கருப்பன் பன்றி.

"பார்க்கறதுக்கு!"

பன்றி வாயைப் பிளந்தது. தின்னவும் முடியாது, புரளவும் முடியாது என்றால் அது ரொம்ப உசத்தியான சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிட்டது.

"இதைக் கரையில விரிக்கணும். அதுக்கு முன்னாடி இந்தச் செத்த புல்லை வேரோட தோண்டி எடுக்கணும். முத்துக்கருப்பா, உன் மூக்கு எதுக்கு இருக்கு?"

சொக்கி புல்லுக்குள்ளிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. முட்டை பொரிய இன்னும் பத்து நாள் ஆகும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், கூட்டத்தின் முன்வரிசையில் உடும்பு உட்கார்ந்திருந்தது. முட்டை என்ற சொல்லைக் கேட்டாலே அதற்கு நாக்கு நீளும். மெதுவாக வேறு பக்கமாக வெளியே வந்தது சொக்கி.

"அண்ணே, இது சாகலை. தூங்குது. உங்க தோகைகூடத்தான் வருஷா வருஷம் உதிருது. அப்ப நீங்க செத்தா போறீங்க?"

"என் தோகையைப் பத்திப் பேசாதே! பச்சை போச்சுன்னா உயிர் போச்சு!"

பன்றிக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். "பாட்டன் காலத்துப் புல்லாச்சே. சும்மா தோண்டிப் போட்டா பாவம் இல்லையா?"

"சும்மா ஏன் போடணும்? முறைப்படி எடுப்போம்!" என்றது சிங்காரம். "அழுகை, மாலை, ஊர்வலம், எல்லாம் உண்டு. ஒரு குறையும் வைக்கக் கூடாது!"

உடனே உடும்பு, "ஐயோ, என் வெட்டிவேரே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. சாவுச் சோறு எப்போது போடுவார்கள் என்று நடுவில் ஒரு தரம் விசாரித்துக்கொண்டது.

முறைப்படி என்றதும் சொக்கியின் மூளை வேலை செய்தது.

"ரொம்பச் சரிண்ணே! முறைன்னா முறைதான். பங்காளிகளுக்குச் சொல்லி விட்டாச்சா?"

"புல்லுக்கு ஏது பங்காளி?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! மூங்கில் யாரு? புல்லோட அண்ணன்! கரும்பு யாரு? தம்பி! தினை, கம்பு, சோளம், நெல்லு எல்லாம் ஒரே வம்சம். தாளைப் பாருங்க, கணுவைப் பாருங்க, முகஜாடை தெரியலையா?"

எல்லோரும் பார்த்தார்கள். முகஜாடை தெரிந்தது.

"பங்காளிங்க வந்து சேராம எடுக்கக் கூடாது. எடுக்கற வரைக்கும் பங்காளி வீட்டுல யாரும் கை நனைக்கக் கூடாது."

"நியாயந்தான்," என்று தலையாட்டிய யானை, பாதியில் நிறுத்தியது. "அப்படின்னா மூங்கில்?"

"தொடக் கூடாது ஆத்தா."

"கரும்பு?" என்றது பன்றி.

"நெனைக்கவே கூடாது."

சிங்காரம் கழுத்தைத் திருப்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தது. அது தினைக்கொல்லையே கதி என்று கிடந்த பிறவி. முறை முறை என்று முழங்கிய வாயால் இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்?

"சரி," என்றது பிடிவாதமாக. "பங்காளிங்க வரட்டும். அதுவரைக்கும் இந்தப் பச்சைப் பாயை விரிச்சு வைப்போம்."

"அதுவும் புல்லுதானேண்ணே! சாவு வீட்டுல கிரகப்பிரவேசமா?"

பச்சைப் பாய் ஆலமர நிழலில் காத்திருந்தது. மூங்கிலுக்குக் காகம் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. மூங்கில் கிளம்பவில்லை. கரும்பும் கிளம்பவில்லை. பங்காளிகள் மனஸ்தாபத்தில் இருக்கிறார்கள் போலும் என்று கூட்டம் பேசிக்கொண்டது. சொக்கி கரையான் தின்று காலத்தை ஓட்டியது. பெரியநாயகி பட்டினியோடு பச்சைப் பாய்க்கு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியது. குளம் ஒரு முழம் இறங்கியதே தவிர, பாய் பழுத்துக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் மத்தியானம் சிங்காரத்துக்குக் கண் இருட்டியது. தள்ளாடிக்கொண்டே கரைக்கு வந்து புல்லின் அடியைக் காலால் கிளறத் தொடங்கியது. "ஏதாவது உயிர் இருக்கான்னு பார்க்கறேன்!" அதன் பின்னாலேயே உடும்பும் வந்தது. ஒவ்வொரு தூராகக் கிளறிக்கொண்டு, முட்டை இருந்த தூருக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றது மயில்.

சொக்கி குறுக்கே பாய்ந்தது. "அண்ணே, இங்க! இங்க பாருங்க!" என்று எதிர்ப்பக்கத் தூருக்கு ஓடி அலகால் மண்ணைத் தள்ளியது. அடியில், காய்ந்த தாள்களின் நடுவே, நெல்மணி அளவுக்கு ஒரு பச்சை முளை.

"உயிர் இருக்கு!" சிங்காரம் காடே அதிரும்படி அகவியது. "நாந்தான் கண்டுபிடிச்சேன்! சாகலை! தூங்குது!"

யானை மூங்கிலை நோக்கி ஓடியது. பன்றி கரும்பை நோக்கி ஓடியது. "அப்ப சாவுச் சோறு?" என்று உடும்பு மட்டும் நின்று கேட்டது. யாரும் பதில் சொல்லாததால் அதுவும் கோபித்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் வயிறு நிறைந்து திரும்பியபோது, ஆலமரத்தடியில் பங்களாப் புல் கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. வேரும் அழுகியிருந்தது. "ஐயோ, இது நிஜமாவே செத்..." என்று முத்துக்கருப்பன் ஆரம்பித்ததுதான் தாமதம்.

"தூங்குது!" என்று யானையும் மயிலும் ஒன்றாகக் கத்தின. "நல்லாத் தூங்குது! யாரும் எழுப்பாதீங்க!"

பத்தாம் நாள் காலையில் ஏழு முட்டைகளும் பொரிந்தன. ஏழு குஞ்சுகளும் காய்ந்த புல்லின் நிறத்திலேயே இருந்ததால், மேலே வட்டமிட்ட பருந்துக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. சொக்கி சந்தோஷத்தில் அழுதேவிட்டது. மழை வந்ததும் சிங்காரத்தைக் கூப்பிட்டு, குளத்தோரப் புற்களையெல்லாம் தூர் பிரித்து நடச் சொன்னது: குட்டைத் தர்ப்பை முன்னால், வெட்டிவேர் பின்னால், நாணல் தண்ணீர் ஓரம். தண்ணீர் ஊற்ற யாரும் குடம் தூக்க வேண்டியிருக்கவில்லை. புரட்டாசியில் கரை முழுக்கப் பூங்கதிர்கள் ஆடின. சிங்காரம் அதன் முன்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தன் கைவேலை என்று காட்டிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பின்னால் ஒளிந்து விளையாடியதால் சொக்கி அதை மறுத்துப் பேசவில்லை.

வேரைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன், தன் வாயாலேயே அதை மாற்றிச் சொல்ல வேண்டிவரும்.