வலது பக்கம் திரும்பக்கூடாத பம்பு

ஊசிப்பாளையத்தில் பொன்னுரங்கம், குழந்தைவேலு, ரங்கராசு என்று மூன்று பேர் கூட்டாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார்கள். மூவரில் யோசிக்கிறவர் பொன்னுரங்கம். நாம் முட்டாள்களோ என்ற சந்தேகம் அவருக்கு அவ்வப்போது வரும். உடனே மற்ற இருவரையும் கூப்பிட்டுக் கேட்பார். இருவரும் இல்லை என்பார்கள். ரெண்டு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நிம்மதியாகிவிடுவார்.

ஷெட் அவருடைய மாமனார் அவிநாசியப்பனுக்குச் சொந்தம். மாமனார் ஒருநாள் வந்து நின்று சொன்னார்: "மாப்ளே, ஞாயித்துக்கெழமை கார் பந்தயத்துல நீங்க மொதல்ல வந்தா ஷெட்டு உங்களுக்கே. இல்லீன்னா இதுல நான் கோழி வளத்தப் போறேன்." சொன்னதோடு விடாமல் குஞ்சுகளுக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

அவர்களுடைய பந்தயக் காரிலோ ஆயில் பம்பு செத்துக் கிடந்தது. புதுசு வாங்க மூவரும் கோயமுத்தூருக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார்.

"இதுல எண்ணெய் உறிஞ்சற குழாய் நடுவுல இருக்குதுங்க. எப்படித் திரும்புனாலும் எண்ணெய் கெடைக்கும். அதுல குழாய் வலது ஓரத்துல. வேகமா வலது பக்கம் திரும்புனா எண்ணெயெல்லாம் இடது ஓரத்துக்கு ஓடிரும். பம்பு வெறுங்காத்தக் குடிக்கும். எஞ்சின் போச்சு."

மூவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள்.

"நடுவுல நிக்கறது எந்தப் பக்கம்னு இன்னும் முடிவு பண்ணாத பம்புங்ணா" என்றார் குழந்தைவேலு. "அதப் பாருங்க, ஒரே பக்கமா உறுதியா நிக்குது."

ரங்கராசு அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னார். ஓரத்துக் குழாய்ப் பம்பையே வாங்கினார்கள்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "மாட்டறதுக்கு முன்னால எண்ணெய்ல நல்லாக் குளிப்பாட்டுங்க. போல்ட்டையெல்லாம் சமமா முறுக்குங்க. சத்தம் போடாம நாள் பூரா வேல செய்யும். வலது பக்கம் மட்டும் திரும்பிராதீங்க."

பஸ் ஸ்டாண்டு கடைக்கு வலது பக்கம் இருந்தது. ஆகவே மூன்று முறை இடது பக்கம் திரும்பி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பஸ் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் பம்புப் பையோடு ரங்கராசு இறங்கி, சந்து பொந்தெல்லாம் இடது இடதாக ஓடி, மூச்சிரைக்க வந்து மறுபடி ஏறினார்.

"ஏய்யா, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் கண்டக்டர்.

"எனக்கொண்ணுமில்லீங்க. பம்புக்குத்தான் ஆகாது."

அடுத்து குளியல். ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளி. பம்பு ஆணா, பெண்ணா?

"சத்தம் போடாம நாள் பூரா வேல செய்யும்னு கடைக்காரர் சொன்னாரே" என்றார் ரங்கராசு.

"அப்ப ஆம்பளையா இருக்க வழியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார் பொன்னுரங்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் பம்புக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, துண்டால் துவட்டி, சாம்பிராணி காட்டினார்கள். பிறகு மூன்று பேரும் காருக்கடியில் படுத்து, ஆளுக்கொரு போல்ட்டைப் பிடித்து, ஒரே குரலில் "ம்ம்" என்று ஒரே சமயத்தில் முறுக்கினார்கள். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. வீக்கமும் மூவருக்கும் சமமாகவே இருந்தது.

சனிக்கிழமை பந்தயத் திடலைப் பார்க்கப் போனவர்களுக்குப் பகீரென்றது. வளைவுகள் அத்தனையும் வலது பக்கம்.

"நாம எதிர்த் தெசையில ஓட்டுனா எல்லாம் இடது பக்கமாயிருமே" என்றார் குழந்தைவேலு.

"எதுக்க வர்றவங்க?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"அவங்களையும் நம்மளாட்டம் திருப்பச் சொல்லலாங்ணா."

திடல் அதிகாரி அதற்கு ஒப்பவில்லை. பொன்னுரங்கத்துக்குக் கோழி நாற்றம் இப்போதே மூக்கில் ஏறியது. நாம் முட்டாள்களோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. கேட்கத் திரும்பியவர் சட்டென்று நின்றார். காரைச் சுற்றிப் பின்னோக்கியே நடந்து பார்த்தார். வலமாகத்தான் சுற்றினார்; ஆனால் கார் அவருடைய இடது கைப் பக்கமே இருந்தது.

"ரிவர்ஸ்!" என்று கத்தினார். ரங்கராசுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொடங்கும் கோட்டில் எல்லாக் கார்களும் ஒரு பக்கம் பார்த்து நின்றன, அவர்களுடையது மறுபக்கம் பார்த்து நின்றது. பக்கத்துக் காரிலிருந்து ஓர் இளைஞர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, தெரியாம நிறுத்திட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் தம்பி. நீங்க பாத்துப் போங்க."

கொடி இறங்கியது. பொன்னுரங்கம் முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ரிவர்ஸில் பறந்தார். குழந்தைவேலு பக்கத்தில் மண்டியிட்டுப் பின்னால் பார்த்து, கதவைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், லேசா ஒடிங்க, வரலாம்" என்று ஐந்து சுற்றுக்கும் குரல் கொடுத்தார். பம்பு ஒரு சொட்டுக் காற்றைக்கூடக் குடிக்கவில்லை.

அவ்வப்போது கண்ணாடிக்கு எதிரே ஒரு கார் பாய்ந்து வரும். பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். அது விலகிப் பின்னால் போய்விடும்.

"இன்னொருத்தனையும் பின்னுக்குத் தள்ளியாச்சு! அவுனுக எங்க இருக்கறானுக, குழந்த?"

"எல்லாரும் பின்னாடிதானுங்ணா. ரொம்பப் பின்னாடி. கண்ணுக்கே தெரியல!"

அவர்கள் கோட்டைத் தொட்டபோது மாமனார் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "யாரு மொதல்ல?"

"நீங்களே உக்காந்து பாருங்க மாமா" என்று பொன்னுரங்கம் இறங்கி இடம் விட்டார்.

அவிநாசியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார். எதிரே திடல் வெறிச்சென்று கிடந்தது. ஒரு வண்டி இல்லை. நியாயமான மனிதர், போனை எடுத்துக் குஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இறங்கும்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம். "ஏன் மாப்ளே, அந்தப் பக்கம் அந்தப் பையனுக்கு மால போட்டுப் பெரிய கப்பு ஒண்ணு குடுக்கறாங்களே?"

பொன்னுரங்கம் அந்தப் பக்கம் பார்த்தார். மனசு இளகியது.

"நமக்கு ரொம்பப் பின்னால வந்த பையனுங்க மாமா. பாவம், அழுதிருப்பான். ஆறுதலுக்குக் குடுக்கறாங்க."