நூறு அடிக்கு ஒரு தரம்

“அம்மா, நான் ஊருக்குத் திரும்பிப் போறேன்.”

சொன்னவர் நயினார். முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆன ஏழாம் மாதம் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் வீட்டில் சத்தம் போடுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

கேட்டுக்கொண்டிருந்தவள் தெரசம்மாள். அவரைவிட இருபது வயது இளையவள். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே நடப்பாள். போய்ச் சேர்ந்ததும் திரும்பி நடப்பாள். கூட வருகிறவர்கள் அவளைக் குரு என்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள், சரி என்றும் சொல்லமாட்டாள்.

“ஏன் அண்ணாச்சி?”

“ஆள் துணைக்குன்னுதான் வந்தேன். நீங்க ஒரு பர்லாங்கு முன்னால போறீங்க. நான் பின்னால வர்றேன். ஆறு கடல்ல சேர்ற இடத்துலதான் பேசணும்னு சட்டம் வேற. அஞ்சு நாள்ல இது மூணாவது ஆறு. ரெண்டாவது ஆத்துல நீங்க பேசினது மொத்தமே, ‘தண்ணி இருக்கா.’”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நல்லது.”

நயினார் மணலை உதைத்தார்.

“நேத்து நான் நண்டுங்ககூடப் பேசினேன், தெரியுமா?”

“என்ன பேசினீங்க?”

“‘வழியில நிக்காத, உள்ள போ, உள்ள போ.’”

“போச்சா?”

“எல்லாமே போயிடுச்சு. அதான் கஷ்டமாப் போச்சு.”

தெரசம்மாள் ஒதுங்கி வழி விட்டாள்.

“இன்னைக்கு ஒரு நாள் நீங்க முன்னால போங்க. அப்புறம் ஊருக்குப் போகலாம்.”

“நானா? வழி?”

“கடல் இடது கைப்பக்கம்.”

அவ்வளவுதான் உபதேசம்.

நயினார் நடந்தார். ஈர மணல் கெட்டியாக இருந்தது. நூறு அடி போனதும் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் புள்ளியாக அவள் வந்துகொண்டிருந்தாள். இன்னும் நூறு அடி. புள்ளி இருந்தது.

கரையேற்றிய படகுகள். ஆள் இல்லை. ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்தது. என்னவோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, திரும்பிப் போனது. காது மந்தமான ஆளிடம் சொல்வதுபோல் கடல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு வளைவு தாண்டித் திரும்பினார். புள்ளி இல்லை.

நின்றார். “அம்மா” என்று கூப்பிட்டார். காற்று அதை வாங்கிப் பனங்காட்டுப் பக்கம் கொண்டுபோனது. வாயாலேயே ரெண்டு விசில் கொடுத்துப் பார்த்தார். யாரும் வரவில்லை.

திரும்பிப் போனாலும் அதே வெறுங்கரைதான். முன்னாலேயே நடந்தார். கழுத்து மட்டும் கேட்கவில்லை. நூறு அடிக்கு ஒரு தரம் திரும்பிக்கொண்டே இருந்தது.

உச்சி வெயிலில் ஆற்றுமுகம் வந்தது. கோடையில் மணல் மூடிக் கிடந்தது. பேசலாம் என்று சட்டம் இருக்கிற இடம். பேச ஆளில்லை. உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு புள்ளி தெரிந்தது. எழுந்து நின்றார். புள்ளிக்குக் கை வந்தது, கால் வந்தது, கையில் ஒரு ஜோடி செருப்பு வந்தது. தெரசம்மாள் இல்லை. முப்பது வயதிருக்கும், வேறு ஒருத்தி.

“அண்ணாச்சி, முன்னால போன ஆள் நீங்கதானா?”

“நீ யாரும்மா?”

“ஸ்டெல்லா. அந்தோணியார் கோயிலுக்கு நேர்ச்சை நடை. கூட வர்றேன்னு சொன்னவ கடைசி நேரத்துல வரல. தனியா வந்து பார்த்தேன், முடியல. பாதியில உக்காந்துட்டேன். ஒரு அம்மா எதிர்ல வந்தாங்க. ‘முன்னால ஒருத்தர் போறார், அலை அழிக்கிறதுக்குள்ள அந்தக் கால்தடத்தைப் பிடிச்சுப் போ’ன்னாங்க.”

“அவங்க எங்க?”

“வடக்க போயிட்டாங்க.”

நயினார் வடக்கே பார்த்தார். வெயில்தான் தெரிந்தது.

ஸ்டெல்லா செருப்பைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு விஷயம் கேக்கணும் அண்ணாச்சி. நூறு அடிக்கு ஒரு தரம் நீங்க நின்னு திரும்பியிருக்கீங்க. மணல்ல குதிகால் சுத்தின தடம் அப்படியே இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன். என்னைத்தானே பார்த்தீங்க?”

நயினார் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“ஒரு பர்லாங்கு விட்டு வாம்மா” என்றார்.

நடந்தார். நூறாவது அடியில் திரும்பிப் பார்த்தார்.