இருபது குதிரை, பன்னிரண்டு விளக்கு

கொம்பைமலைச் சமஸ்தானத்தில் ஆஸ்தான விகடகவி என்றொரு உத்தியோகம் உண்டு. மூன்று வேளையும் அரண்மனைச் சாப்பாடு, மாதம் ஒரு சிலேடை. அந்தப் பாரத்தைப் பதினாறு வருஷம் சுமந்தவன் அடியேன், பெயர் சாரங்கபாணி.

மின்கம்பி எங்கள் மலை ஏறவில்லை. ஆகவே டீசல் எஞ்சின் வாங்கி அரண்மனையில் விளக்குப் போட ராஜா மகுடேசுவரர் ஆசைப்பட்டார். தூத்துக்குடிக்குப் போய் வாங்கிவர யாரை அனுப்பினார் தெரியுமா? என்னைத்தான். எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பது மட்டுமே.

கடைக்காரர் கேட்டார்: "எத்தனை விளக்கு சாமி?"

"பன்னிரண்டு விளக்கு. சிம்மாசனத்துக்கு மேலே ஒரு மின்விசிறி."

"அப்போ மூணு குதிரை சக்தி எஞ்சின் போதும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னய்யா, எங்கள் லாயத்திலேயே பதினெட்டுக் குதிரை நிற்கிறது! ராஜாவுக்கு மூன்று குதிரையா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இருபது குதிரை சக்தி எஞ்சினைக் காட்டினார். சமஸ்தானத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பூரிப்போடு அதை மலையேற்றினேன்.

மூன்று மாதம் ஓடியது. அப்புறம் எஞ்சின் கரும்புகை கக்க ஆரம்பித்தது. புகைக்குழாய் வாயில் கறுப்பாக எண்ணெய் வழிந்தது. ஒருநாள் ராஜாவின் வெள்ளை மீசையிலேயே கரி படிந்துவிட்டது.

"எல்லாம் டிரைவர் யேசுவடியானின் கைவரிசை. எஞ்சினை ஓட்டத் தெரியவில்லை" என்றார் திவான் கோதண்டராவ்.

"என்ன எஞ்சின் வாங்கினாய்?" என்று யாராவது என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் நின்றேன். யாரும் கேட்கவில்லை.

ராஜா தீர்ப்புச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை என் வெள்ளை அங்கவஸ்திரத்தைப் புகைக்குழாய்க்கு எதிரே பிடிப்பேன். ஒரு மணி நேரம் அது வெள்ளையாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் யேசுவடியான் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையிறங்க வேண்டியதுதான்."

திவான் சேர்த்துக்கொண்டார்: "எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. இன்னும் கெடுத்துவிடுவான்."

நான் எஞ்சின் கொட்டகைக்கு ஓடினேன். யேசுவடியான் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் வாங்கிய எஞ்சின்தான் தப்பென்று நீ ஏனப்பா ராஜாவிடம் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்கல்லா மலையிறங்கணும். ஒங்களுக்கு வேற தொழிலும் தெரியாதுல்லா, ஐயா?"

பதினாறு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"எஞ்சினுக்கு என்னதான் வியாதி?"

"வியாதி இல்லய்யா, வேலை இல்ல. இருபது குதிரை இழுக்கத வச்சுப் பன்னெண்டு வெளக்கு எரிச்சா சூடே ஏறாது. ஊத்துத டீசல் முழுசா எரியாது. எரியாதது குழாயில கரியா அடையுது, எண்ணெயா வழியுது. நல்லா லோடு, அதான் கனமான வேலை, குடுத்து நாலு மணி நேரம் ஓட்டினா தானா எரிஞ்சு சுத்தமாயிரும். ஆனா லோடுக்கு நான் எங்க போவேன்?"

எனக்கு ஓடைக்கரை ஞாபகம் வந்தது. ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாங்கிய பெரிய மோட்டார் அங்கே சாக்கு மூடிக் கிடந்தது. அரண்மனை எஞ்சின் ஊர் வேலை செய்தால் தேய்ந்துவிடும் என்று தடுத்தவர் திவான்.

"எஞ்சினைத்தானே தொடக் கூடாது என்றார்கள்? மோட்டாரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கம்பி இழுத்து மோட்டாரை முடுக்கினோம். எஞ்சின் ஒருமுறை முக்கியது. பிறகு கக்கியது பாருங்கள், அதுவரை காணாத கரும்புகை! அந்த நேரம் பார்த்து ராஜா வந்துவிட்டார். திவான் மலையிறக்கும் உத்தரவை எழுதியே கொண்டுவந்திருந்தார்.

"சாரங்கபாணி, இதுதான் வெள்ளையா?" என்றார் ராஜா.

நான் கைகட்டிச் சொன்னேன்: "மகாராஜா, ஒரு மணி நேரம் என்றுதானே உத்தரவு? எந்த மணி நேரம் என்று சொல்லவில்லையே. இன்று வெள்ளிக்கிழமை முடியும்வரை எந்த மணி நேரத்தை வேண்டுமானாலும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்."

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. "சரி, நாற்காலி கொண்டுவாருங்கள்."

ஒரு மணி நேரம் போனது. திவான் இருமினார். இரண்டு மணி நேரம் போனது. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், யேசுவடியான் கும்பிடுகிற, எனக்குத் தெரியாத சாமியையும் சேர்த்து. மூன்றாம் மணி நேரத்தில் புகை சாம்பல் நிறமானது. நான்காம் மணி நேரத்தில் குழாய்க்கு மேலே வெயில் அலையாடியதே தவிர, புகை என்று ஒன்று கண்ணில் படவில்லை.

ராஜா எழுந்து அங்கவஸ்திரத்தைத் தாமே பிடித்தார். கை வலித்தும் விடவில்லை. ஒரு மணி நேரமும் முடிந்தது. துணி வெள்ளையாகவே இருந்தது. ஊர்த் தொட்டியோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

"வேலை கொடுத்தோம் மகாராஜா. சின்ன எஞ்சினே போதும் என்று கடைக்காரர் சொன்னார். குதிரைக் கணக்குப் பார்த்துப் பெரிதை வாங்கிய மடையன் நான். யேசுவடியான்மேல் ஒரு குற்றமும் இல்லை."

திவான் விடவில்லை. "விகடகவிக்கு எஞ்சின் வியாதி எப்படி விளங்கிற்றாம்?"

"யேசுவடியான் சொன்ன உடனே விளங்கிவிட்டது திவான் அவர்களே. வயிறு நிறையத் தீனி, வேலை மட்டும் கிடையாது, நாள் முழுக்க வெறும் புகை. பதினாறு வருஷமாக எனக்கும் அதே வியாதிதான்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அங்கவஸ்திரத்தை யேசுவடியானுக்குப் போர்த்தி, தினமும் தொட்டி நிரம்பட்டும் என்று உத்தரவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மருந்துதான் தெரிந்துவிட்டதே! யேசுவடியான், நாளை முதல் இவர் உன் கையாள். நல்ல லோடாகக் கொடு."

இப்போது தினமும் டீசல் சுமக்கிறேன், எஞ்சின் துடைக்கிறேன், சிலேடைக்கு நேரமே இல்லை. புகை வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறாள் என் மனைவி. எஞ்சினை அவள் பார்த்ததே இல்லை.