மூடியும் ஆரோக்கியமேரியின் பாட்டும்

ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலை. மழையில் கார்க் கண்ணாடியைத் துடைக்கிறதே வைப்பர், அதை ஆட்டுகிற மோட்டார்தான் அங்கே தொழில். மோட்டாரை வடிவமைக்கும் பிரிவுக்கு நசீமா தலைவி. அவளிடம் கற்றுக்கொள்ளப் பெயின்ட் பிரிவிலிருந்து தானே கேட்டு வந்தவர் குழந்தைவேலு. குருவுக்கு முப்பத்து நாலு வயசு. சீடருக்குத் தலை முழுக்க நரை. ஆலையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரம் மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மோட்டாருக்கு மூடி மாட்டுகிறவள் ஆரோக்கியமேரி. மூடி சதுரம், மூலைக்கொரு திருகு. எப்படித் திருப்பி வைத்தாலும் உட்காரும்; ஆனால் வைப்பரை நிறுத்தும் தகடு அதனுள்ளே இருப்பதால் சரியான பக்கம் ஒன்றுதான். தப்பாக உட்கார்ந்தால், சுவிட்சை அணைத்ததும் கீழே போய்ப் படுக்க வேண்டிய வைப்பர் நட்டநடுக் கண்ணாடியில் நின்றுவிடும். அப்படிச் சில மோட்டார்கள் திரும்பி வந்தன.

ஆரோக்கியமேரி பாடிக்கொண்டே வேலை செய்கிறவள். "பாட்டுத்தான் காரணம்" என்று மேலாளர் தீர்ப்புச் சொன்னார். அவள் பாட்டை நிறுத்தினாள். அப்படியும் ஒன்று தப்பாய் உட்கார்ந்தது. இன்னொன்று தப்பாய்ப் போனால் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களாம்.

குழந்தைவேலு குருவிடம் ஓடினார்.

"மேடம், மூடியில அம்புக்குறி போடலாமா?"

"போடலாம்."

"சிவப்புல ஒரு எச்சரிக்கைப் பலகை?"

"வைக்கலாம்."

"தப்பா மாட்டினா மணி அடிக்கிற மாதிரி?"

"அடிக்கலாம். வாங்கண்ணே, டீ குடிப்போம்."

தூசு போகக் கூடாதென்று, மோட்டார் பூட்டுகிற கூடத்துக்கு வெளியேதான் எல்லோரும் செருப்பை விடுவார்கள். வாசலில் நசீமா குனிந்து ஏதோ செய்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுச் செருப்பைப் போடுங்க."

கண்ணை மூடி, காலை நுழைத்தார். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இடமும் வலமும் மாறிக் கிடக்கு மேடம்!"

"யாரு சொன்னா?"

"கால்தான்."

"செருப்புல அம்புக்குறி இருக்கா? மணி ஏதும் அடிச்சுதா?"

குழந்தைவேலு ஒரு செருப்பைச் சரியான காலில் மாட்டினார், மற்றதை எடுக்கக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். அப்படியே ஒற்றைச் செருப்போடு கூடத்துக்குள் ஓடினார்.

"அண்ணே, செருப்பு! செருப்பு!" என்று பின்னாலேயே கத்தினாள் நசீமா. டீ ஆறிப்போனது.

மறுவாரம் புது மூடி வந்தது. கூட ஒரு பாகமும் இல்லை. மூடியிலும் மோட்டாரிலும் நாலு துளைகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

"வேணும்னே தப்பாத் திருப்பி மாட்டுங்கம்மா" என்றார் குழந்தைவேலு.

ஆரோக்கியமேரி முயன்றாள். "உட்கார மாட்டேங்குது சார்."

"நல்லா அழுத்துங்க."

"சுத்தியலைக் குடுங்க, மாட்டிக் காட்டுறேன்."

வரிசையே சிரித்தது. மேலாளரும் ஒரு மூடியை வாங்கித் திருப்பித் திருப்பித் தப்பாக மாட்டப் பார்த்தார், தோற்றார். "பாடிக்கிட்டே மாட்டும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் சீடர் குருவின் மேசைக்கு வந்தார். முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது.

"என்னண்ணே?"

"மூடி நல்லா வேலை செய்யுது மேடம். ஆனா யாருமே அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஆரோக்கியமேரிகூட மூடியைப் பார்க்கறதே இல்ல. கை பாட்டுக்கு மாட்டுது, அவங்க பாட்டுக்குப் பாடறாங்க."

கூடத்திலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. நசீமா இரண்டு அடி கேட்டுவிட்டுக் கேட்டாள்:

"மழையில வண்டி ஓட்டறப்ப நீங்க எதைப் பார்ப்பீங்க அண்ணே, ரோட்டையா, வைப்பரையா?"