சுற்று நேரம்

தளவாய்க்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று மைதானத்துக்குள் வரும்போதே இரண்டு காதும் சிவந்திருந்தன.

விளையாட்டு விடுதியில் நெடுந்தூர ஓட்டத்துக்கு அவன் துணைப் பயிற்சியாளன். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தலைமைப் பயிற்சியாளர் பாக்கியமேரி.

“மேடம், இசக்கியை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். திங்கட்கிழமை கமிட்டி கூடுது.”

“என்ன காரணம்?”

“அந்த எச்சில் டெஸ்டுதான். போன மாசம் முடிவு வந்துச்சே. அவ மரபணு நெடுந்தூரத்துக்கு ஆகாதாம். வினோலியாவுக்கு அப்பா வழியிலேயே ஓட்டம் இருக்காம். பதிமூணு வயசுப் பிள்ளையைக் குப்பியில துப்பச் சொல்லி, அதை வச்சுத் தலையெழுத்து சொல்றாங்க. இதுக்குக் கிளி ஜோசியமே மேல். கிளிக்காவது ஒரு நெல்லு கிடைக்கும்.”

பாக்கியமேரி சிரிக்கவில்லை.

“உப்பளத்துல கூடை சுமக்கிறவர் மக ஓடக் கூடாதா மேடம்? மாடிப்படி ஏறினாலே கமிட்டிச் செயலாளருக்கு மூச்சு வாங்குது. அவர் எச்சிலை யாரு எடுத்தா?”

“சரி. முதல்ல பிள்ளைகளை ஓட விடு.”

ஓட விட்டான். ஸ்டாப்வாட்சோடு கோட்டருகே போய் நின்றான்.

வினோலியா முதலில் வந்தாள்.

“எண்பத்தெட்டு செகண்டு. தோளை இறக்கு வினோ.”

அடுத்த சுற்று. “எண்பத்தேழு. அப்படித்தான். விடாதே.”

அவளுக்குப் பத்தடி பின்னால் இசக்கி வந்தாள். கோட்டைத் தாண்டும்போதெல்லாம் தளவாயின் பக்கம் தலையைத் திருப்பினாள். அவன் கண் வினோலியாவின் முதுகோடு போய்க்கொண்டிருந்தது.

கடைசிச் சுற்று வரை அந்தப் பத்தடி பத்தடியாகவே இருந்தது.

ஓட்டம் முடிந்ததும் இசக்கி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி வந்தாள்.

“சார், எனக்கு எவ்வளவு சார்?”

“நல்லாத்தான் ஓடுன. போய்த் தண்ணி குடி, போ.”

கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

“பாவம் மேடம்,” என்றான் தளவாய். “அந்த முடிவு வந்ததிலேர்ந்து நான் அவளை ஒண்ணும் சொல்றதில்ல. ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற பிள்ளை.”

அவனுக்குக் கோபம் திரும்ப ஏறியது.

“திங்கட்கிழமை நானும் வர்றேன். அவ ஓடுற நேரத்தை அவங்க முன்னால வச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்.”

“கேளு. அவ நேரம் என்ன?”

தளவாய் ஸ்டாப்வாட்சைப் பார்த்தான். அதில் இருந்ததெல்லாம் வினோலியாவின் சுற்றுகள்.

“இன்னைக்கு எடுக்கல மேடம்.”

“நேத்து?”

காதின் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

“எச்சில் எடுத்தவன் ஒரு நாள்தான் வந்தான் தளவாய்,” என்றார் பாக்கியமேரி. “நீ தினமும் இங்கேதான் நிக்கிற.”